விஜய் ஹசாரே கோப்பையைக் கொஞ்சம் கவனியுங்கள்

2022 நவம்பர் 21, பெங்களூரு சின்னசாமி மைதானம். உள்நாட்டு ஒருநாள் தொடரான விஜய் ஹசாரே கோப்பையில், அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு ஆடிய நம்ம கோயம்புத்தூர் ஜெகதீசன் 141 பந்தில் 277 ரன். தொடர்ந்து ஐந்தாவது சதம்! சாய் சுதர்சன் 154. முதல் விக்கெட்டுக்கே 416; மொத்தம் 506. லிஸ்ட் ஏ (ஒருநாள் வகை) கிரிக்கெட்டில் அதுவரை எந்த அணியும் 500-ஐத் தொட்டதில்லை.

எதிரணி பலவீனமானதுதான். இருந்தாலும் சதம் தாண்டியும், இருநூறு தாண்டியும் அடங்காத அந்த ரன் பசி எல்லோருக்கும் வாய்த்துவிடாது. இன்று நினைத்தாலும் சிலிர்க்கிறது.

அந்த முறை காலிறுதியில் சௌராஷ்டிராவிடம் தோற்றோம். கோப்பையைக் கடைசியாக வென்றது 2016-17இல். தில்லியில் நடந்த இறுதிப் போட்டியில் வங்காளத்துக்கு எதிராக தினேஷ் கார்த்திக் 112 அடித்தார்.

ஐபிஎல்லுக்கு ராத்திரி கண்விழிக்கும் நண்பர்களே, உங்கள் ஊர்ப் பக்கம் இந்தத் தொடர் நடந்தால் ஒரு பகல் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். அந்தப் பையன்களுக்குக் கைதட்ட ஆள் வேண்டும்.