கோட்டு யாருக்கு? எப்போது?

நம்மவரிடையே கோட்டு என்னும் உடைக்கு வாழ்நாளில் இரண்டொரு நாள்தான் வேலை இருக்கிறது. திருமண வரவேற்பன்று மாப்பிள்ளை அணிகிறார். வேலைக்கு நேர்முகம் காணப் போகும் பிள்ளை அணிகிறான். பிறகு அது பாச்சை உருண்டையோடு அலமாரிக்குள் போய்விடுகிறது. மற்ற நாளில் ஒருவர் அதை அணிந்து தெருவில் வந்தால், “என்ன, துரையாகி விட்டீரோ?” என்று கேட்க நான்கு பேர் இருக்கிறார்கள். கேட்பவர் விளையாட்டாகத்தான் கேட்கிறார். ஆயினும், ஒரு துணியை ஒருவன் உடுத்துவதற்கு மற்றொருவனுடைய சம்மதம் வேண்டும் என்ற பழைய எண்ணம் அந்த விளையாட்டுக்குள் ஒளிந்து கிடக்கிறது. அதை வெளியே இழுத்துப் பார்ப்பது நன்று எனக் கருதுகிறோம்.

நம் நாட்டில் உடை என்றும் வெறும் உடையாக இருந்ததில்லை. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் தம் மார்பை மூடிக்கொள்ளும் உரிமைக்காகப் பல்லாண்டு அடிபட்டு, 1859ஆம் ஆண்டில்தான் அரசாணை பெற்றனர். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனை இருந்தது. உடம்பை மூடவும் ஆணை, மூடும் விதத்திற்கும் ஆணை! இந்தப் பாடத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் நம் முன்னோர் கப்பலேறினர்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அப்பாடம் வேறு உருவில் தொடர்ந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்த வெள்ளை அலுவலரும் தோட்டத்துரைமாரும் அன்றாடம் அணிந்தது ‘துத்துப்’ என்னும் வெள்ளைப் பருத்திக் கோட்டு. துத்துப் என்றால் மலாய் மொழியில் மூடியது என்று பொருள். கழுத்து வரை பொத்தானிட்டு மூடியிருந்தமையால் உள்ளே சட்டை தேவையில்லை. ஒருநாள் உடுத்தி மறுநாள் வெளுப்புக்குப் போட்டுவிடலாம். துரையைப் பார்த்துக் கிராணியார் அதனை அணிந்தார். கங்காணியார் வேட்டியின்மேல் ஒரு கோட்டும் தலையில் ஒரு பாகையும் தரித்துக்கொண்டார். பால்மரம் வெட்டியவருக்கோ கோட்டு என்பது, எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டிய ஒன்றாயிற்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று யாது? நிர்வாகியோ அலுவலரோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பது. அந்தப் போராட்டத்தில் உயிர்களும் போயின. துரைமார் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் நம்மில் ஒருவர் கோட்டணிந்து வருகையில் நகைப்பவர் யார்? நம் மனத்துக்குள் இன்னும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் ஒருவரே அல்லவா?

இதற்கு அக்காலத்திலேயே இருவகை விடைகள் தோன்றின. 1931ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டிற்குக் காந்தியார் அரைத்துணியோடு சென்றார்; டாக்டர் அம்பேத்கர் கோட்டும் காற்சட்டையுமாகச் சென்றார். ஒருவர், “எங்கள் ஏழையின் உடையே எனக்குப் போதும்” என்று காட்டினார். மற்றவர், “எம்மவருக்கு மறுக்கப்பட்டதை எடுத்தே அணிவேன்” என்று காட்டினார். இரண்டும் பொருளுடையவை. ஆயினும் இரண்டும் பிறர் காண்பதற்காக மேடையில் நின்ற உடைகள். மேடையில் நில்லாத நாளில் மனிதன் எதை அணிவது என்பதே நம் இன்றைய கேள்வி.

அதற்கும் விடை நம்மவரிடமே உண்டு. பாரதியார் வேட்டியின்மேல் கோட்டணிந்து தலைப்பாகையுடன் நிற்கும் படத்தை அறியாதவர் இல்லை. அவர் அதை மாப்பிள்ளைக் கோலத்திற்காக அணியவில்லை. இலங்கை மலைநாட்டிலும் நீலகிரியிலும் விடியற்பனியில் வேலைக்குப் புறப்படும் தொழிலாளர், சாரத்தின் மேலோ வேட்டியின் மேலோ ஒரு பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நடப்பர். அதில் ஒரு பையில் வெற்றிலை, மற்றொரு பையில் தீப்பெட்டி. அவரை யாரும் துரை என்று அழைத்ததில்லை. குளிர் அடித்தது, அணிந்தார். வெயில் ஏறியது, கழற்றி மரக்கிளையில் மாட்டினார். கோட்டு எப்போது ஏற்றது என்பதை இவரைவிடத் தெளிவாக எந்த நாகரிக நூலும் சொல்லிவிடாது.

இந்த எண்ணத்தோடுதான் நாம் ஒரு மாலை சைனாடவுனுக்குச் சென்றோம். அந்த இடத்துக்கும் துணிக்கும் உள்ள உறவில் நமக்கும் பங்குண்டு. 1819இல் பினாங்கிலிருந்து இராபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை, செங்கற்சூளை நடத்தியதோடு கிராஸ் ஸ்திரீட்டில் பருத்தித் துணிக்கடையும் வைத்தார். 1822இல் தீ அக்கடையை விழுங்கியது. அவர் மீண்டும் எழுந்து வணிகம் செய்தார். 1827இல் அவர் நிறுவிய மாரியம்மன் கோயில் இன்றும் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கிறது. அதன் கோபுரத்தை வைத்தே பக்கத்துத் தெரு பகோடா ஸ்திரீட் எனப் பெயர் பெற்றது. ஆகவே சீனர் பேட்டையில் நமக்கு என்ன வேலை என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

கத்தரியும் அளவு நாடாவுமாக அமர்ந்திருந்த முதிய சீனத் தையற்காரர் மலாயில் முதற்கேள்வியாகக் கேட்டது, “இதை எங்கே போடப் போகிறீர்கள்?” என்பதே. விலையையோ நிறத்தையோ அவர் கேட்கவில்லை. “நூலகத்துக்கும் கூட்டங்களுக்கும் நண்பர் வீட்டுக்கும்” என்றோம். மினுமினுக்கும் துணி மாதிரிகளை மூடி ஒருபுறம் வைத்துவிட்டு, சொரசொரப்பான லினனும் பருத்தியும் எடுத்துப் போட்டார். “கல்யாணக் கோட்டு நிற்பதற்கு, நீங்கள் கேட்பது உட்காருவதற்கு” என்றார்.

பின்பு அவர் விளக்கியதன் சாரம் இது. கல்யாணக் கோட்டின் தோளில் பஞ்சு வைத்து, மார்பில் விறைப்புத் துணி கொடுத்து, உள்ளே முழுவதும் வழவழப்பான உள்துணி தைப்பார்கள். அந்த உள்துணிதான் வியர்வையையும் வெப்பத்தையும் உள்ளே அடைத்து வைக்கிறது. அன்றாடக் கோட்டுக்குத் தோட்பஞ்சு வேண்டாம். உள்துணி கைகளிலும் முதுகின் மேற்பாதியிலும் இருந்தால் போதும். பைகளை வெளியே ஒட்டுப்பையாகத் தைக்கலாம். தோள் தையல் நம் தோளெலும்பின் முனையில் முடியவேண்டும். கை மணிக்கட்டோடு நிற்கவேண்டும். மற்றவற்றைப் பின்னால் திருத்தலாம், தோளைத் திருத்துவது கடினம். அளவெடுத்துத் தைப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது. கூலிக்கு எடுத்த கோட்டு பிறருடைய தோளை நினைத்துக்கொண்டே நம்மேல் தொங்கும்.

மாப்பிள்ளைக் கோட்டையே மற்ற நாளிலும் அணியலாகாதா என்று கேட்டோம். அவர் தலையசைத்தார். காற்சட்டையோடு ஒரே துணியில் தைத்த கோட்டைத் தனியே பிரித்தால், பாதி உடையை வீட்டில் மறந்து வந்தவர் போலத் தோன்றும். தனித்து அணியும் கோட்டின் துணி சற்றுச் சொரசொரப்பாகவும், காற்சட்டையினின்று நிறம் நன்கு வேறுபட்டும் இருத்தல் வேண்டும். சாம்பற் காற்சட்டைக்கு நீலக் கோட்டு, வெளிர்நிறக் காற்சட்டைக்குப் பழுப்புக் கோட்டு என்றால் பிழை வராது. கழுத்துப்பட்டை வேண்டா. வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திறந்து விட்டாலே போதும். நம் வேட்டிக்கும் அது பொருந்தும் என்பதை நம் தாத்தாமார் காலத்துப் பள்ளி ஆசிரியர்கள் முன்னரே காட்டிவிட்டனர்.

இனி, எப்போது? சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் நண்பகல் வெப்பம் 31, 32 பாகையைத் தொடுகிறது; காற்றில் ஈரமும் மிகுதி. அவ்வேளையில் தெருவில் கோட்டணிந்து நடப்பது மானமும் ஆகாது, நாகரிகமும் ஆகாது. உடம்புக்குச் செய்யும் கொடுமையேயாம். அங்காடிக் கடையில் அமர்ந்து மீன்தலைக் கறி உண்ணவும் அது வேண்டியதில்லை. ஆனால் இந்நகரின் வாழ்க்கையில் பாதி குளிர்சாதன அறைகளில் கழிகிறது. நூலகத்தில் இரண்டு மணி நேரம் படிப்பவர், சொற்பொழிவு கேட்பவர், இரவுப் பேருந்தில் கோலாலம்பூர் செல்பவர், கேமரன் மலையில் உறவினரைக் காணப் போகிறவர் ஆகிய இவர்களுக்கெல்லாம் கோட்டு குளிருக்குக் காப்பு. கடவுச்சீட்டும் கண்ணாடியும் பேனாவும் வைக்க நல்ல பை. பொழுது சாய்ந்தபின் நண்பர் வீட்டு விருந்துக்கும், பிள்ளையின் ஆசிரியரைக் காணப் போவதற்கும் அது ஒரு மரியாதை. அந்த மரியாதை எதிரே இருப்பவருக்குச் செய்வதாக இருக்கவேண்டும். அவரிடமிருந்து பிடுங்குவதாக இருத்தலாகாது. கோட்டணிந்தவருக்கு முன்வரிசை நாற்காலி, அணியாதவருக்குப் பின்வரிசை என்று எந்தச் சங்கமேனும் வைத்தால், அந்தக் கூட்டத்தில் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் அமர்வதே தகும்.

“இது வெள்ளையன் உடை, நமக்கேன்?” என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். வெட்டு மேல்நாட்டினது, ஆனால் துணியின் கதையைப் பாருங்கள். வெயிற்காலக் கோட்டுக்குப் பேர்போன ‘சீர்சக்கர்’ என்னும் சுருக்கத் துணியின் பெயர், பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் பாரசீகச் சொற்களிலிருந்து இந்தியா வழியே போனது. சென்னைப் பட்டணத்தின் பெயர் தாங்கிய கட்டம்போட்ட பருத்தித் துணியை அமெரிக்கர் கோடைக் கோட்டாகத் தைத்து மகிழ்ந்தனர். நம் தறியில் நெய்தது கடல் கடந்து பிறர் தோளில் ஏறும்போது இருந்த உரிமை, நம் தோளில் ஏறும்போது மட்டும் எங்கே போயிற்று?

மற்றொரு பக்கத்தார், கோட்டின்றி மதிப்பில்லை என்பர். அதுவும் வீண். 1959இல் சிங்கப்பூரில் ஆட்சிக்கு வந்த மக்கள் செயல் கட்சியார் வெண்சட்டையும் வெண்காற்சட்டையுமே தம் அடையாளமாகக் கொண்டனர். சப்பானிய அரசு 2005இல் கோடைக்காலத்தில் அலுவலகக் குளிர்சாதனத்தை 28 பாகையில் வைத்து, கோட்டையும் கழுத்துப்பட்டையையும் கழற்றுங்கள் என்று அலுவலரை வேண்டியது. எவருடைய மதிப்பும் அதனால் குறையவில்லை.

ஆகவே நம் இளைஞர்க்குச் சொல்லுவது இவ்வளவே. ஒருநாட் கோலத்திற்காகக் கடன் வாங்கிப் பளபளப்பான கோட்டு எடுக்கவேண்டா. முடிந்தபோது, மெல்லிய துணியில், உன் தோளுக்கு அளந்து ஒன்று தைத்துக்கொள். குளிரில் போடு, வெயிலில் கழற்று, அழுக்கானால் வெளுக்கக் கொடு, முழங்கை தேய்ந்தால் ஒட்டுப்போடு. பால்மரம் வெட்டியவரின் பேரன் அப்படி ஒரு கோட்டோடு செவ்வாய்க்கிழமை மாலை சாதாரணமாகத் தேநீர்க் கடைக்குள் நுழையட்டும். எவரும் எழுந்து நிற்க வேண்டா. எவரும் நகைக்கவும் வேண்டா. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “வாருங்கள் தம்பி, என்ன குடிக்கிறீர்கள்?” என்று கேட்டால் போதும்.