நட்டுவைத்த கல்

ஜூலை 10, ஷியா கோரு, மாலை

இமாசலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாயைத் தாண்டி இறங்கியாயிற்று. சுமார் 4,270 மீட்டர் உயரம். குல்லு பக்கம் புல்லும் பூவும், லாஹௌல் பக்கம் வெறும் கல். கூடாரத்துக்கு முன்னால் ஒரு நாலா. ஓடையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு ஆறா? காலைக் குளிரில் இறங்குவானேன், இப்போதே தாண்டிவிடலாமே என்றேன்.

வழிகாட்டி என்னைக் கரையில் உட்காரவைத்து, "காது கொடுத்துக் கேளுங்கள்" என்றார். இரைச்சலுக்கு அடியில் கடக் கடக்கென்று இன்னொரு சத்தம். கற்கள் உருண்டுபோகின்றன. கல்லையே உருட்டுகிற தண்ணீருக்கு என் கால் எம்மாத்திரம்?

பகல் வெயிலில் மேலே பனி உருகி, அந்தத் தண்ணீர் இங்கே வந்துசேரும் நேரம் இதுவாம். இரவில் உருகுவது குறையும். விடியலில்தான் நாலா மெலிந்திருக்கும். தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை நட்டுவிட்டுத் தேநீர் போடப் போனார்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். சினிமா பார்த்த புத்தி. விழுந்தவனை இழுபட்ட கயிறே தண்ணீருக்குள் அமுக்கிவிடும் என்றார். விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது. கால் கல்லிடுக்கில் சிக்கும். மல்லாந்து, பாதம் முன்னால் போகும்படி மிதந்து, கரையோரம் ஒதுங்க வேண்டும். என் நீச்சலைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 11, சத்ரு

ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதினால் பகையாளி ஆகிவிடுகிறது.

ஐந்து மணிக்குப் போனோம். நேற்று நட்ட கல் தண்ணீரை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. என் கண் குறுகலான இடத்தைத்தான் தேடியது. குறுகினால் ஆழம், ஆழத்தோடு வேகம். அவர் கால்மணி நேரம் மேலே நடத்தி, நாலா மூன்றாகப் பிரிந்து பரந்த இடத்தில் நிறுத்தினார். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றச் சொன்னார். விழுந்தால் பை போகட்டும். நான் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்ததும் திட்டு. சாக்ஸை மட்டும் பைக்குள் வைத்துவிட்டு ஷூவை மறுபடி மாட்டினேன்.

அவர் முன்னால், பின்னால் நான், எனக்குப் பின்னால் என் தம்பி. மூவரும் நீரோட்டத்தைப் பார்த்தபடி, முன்னால் நிற்பவரின் பையைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தோம். பாறைமாவு கலந்து பால்போல இருந்த தண்ணீரில் அடி தெரியவில்லை. அவர் கம்பை ஊன்றித் தடவிப் பார்த்து "ம்" என்றால்தான் அடுத்த அடி. நடு ஓடையில் முட்டிக்கு மேல் ஏறியது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தொடையில் படித்தது இன்றுதான். ஒரு கணம் குனிந்து தண்ணீரைப் பார்த்துவிட்டேன். நான்தான் ஓடுவதுபோலத் தலை சுற்றியது. அப்புறம் அக்கரைப் பாறை ஒன்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, காலு இருக்கா இல்லையான்னே தெரியல" என்றான் தம்பி, கரையேறி.

பிற்பகல் இரண்டு மணிக்குச் சத்ரு. சந்திரதால் ஏரிக்குப் போகவேண்டிய ஜீப் ஓட்டுநர் வண்டிக்கடியில் கம்பளி விரித்துப் படுத்திருந்தார். வழியில் நாலாக்கள் ஏறியிருக்கும், இனிமேல் நாளைக் காலையில்தான் என்றார். தம்பி வாதாட வாயெடுத்தான். நான் ஈர ஷூவைக் கழற்றி பானெட்டின் மேல் வைத்தேன்.