புதன்கிழமை மூணு மணி கிளாஸ்

எங்க ஊரு தாராபுரத்துக்குத் தெக்கால. காய்ச்சல், தலவலின்னா பக்கத்துலயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. மாட்டுக்கு முடியலைன்னா டாக்டர் வண்டியிலயே வந்துருவாரு. பேச்சு திக்கற பையனுக்கு மட்டும் கோயமுத்தூர் போகணும். ரெண்டு பஸ், போக வர முழுசா ஒரு நாள். ஒரு தடவைன்னாப் பரவால்லீங்க, வாரா வாரம் மாசக்கணக்குல போகவேண்டிய வைத்தியம் இது. காலையும் சாயந்திரமும் பால் கறக்கற வீட்டுல நடக்கற காரியமா?

என் மக வயித்துப் பேரன் நாலாவது படிக்கறான். மூணு வயசுல இருந்தே திக்கும். சின்னதுல திக்கற புள்ளைகள்ல நெறையப் பேருக்குத் தானாவே சரியாயிடுமாம், இவனுக்கு ஆகலை. வீட்டுல வசம்பைச் சுட்டு நாக்குல தடவிப் பாத்தாங்க. 'மெதுவாப் பேசு சாமி'ன்னு ஊரே சொல்லுச்சு. சேத்துல மாட்டுன வண்டியைப் பாத்து 'நேராப் போ'ன்னு சொல்ற மாதிரிதான் அது. பாட்டுப் பாடுனா திக்காது. கன்னுக்குட்டிகிட்டப் பேசுனா திக்காது. பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப 'உள்ளேன் டீச்சர்'ல அந்த 'உ' மட்டும் வெளிய வராது. புள்ளைக சிரிக்கும். அதுக்காகவே அட்டெண்டன்ஸ் முடிஞ்சப்புறம் போக ஆரம்பிச்சான். அப்புறம் வயித்து வலின்னு வீட்டுலயே படுத்துக்கிட்டான்.

வயித்து வலி இல்லைன்னு கண்டுபிடிச்சது அவங்க டீச்சர்தான். முதல் தடவை மட்டும் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்தோம். அதுக்கப்புறம் புதன்கிழமை மூணு மணிக்கு, ஹெட்மாஸ்டர் ரூம்ல, லேப்டாப்புல வீடியோ கால். வீட்டுல இருந்தும் எடுக்கலாம், ஆனா இவனுக்கு முட்டற எடம் பள்ளிக்கூடம், அதனால அங்கயே வெச்சுக்கலாம்னு பயிற்சி குடுக்கற அம்மா சொல்லிட்டாங்க.

மூச்சு விட்டு மெதுவா எழுத்தைத் தொடங்கறது, முதல் எழுத்தை இழுத்துப் பேசறது, நடுவுல நிறுத்தறது, இதெல்லாம் பையனுக்கு. வகுப்புக்கும் ஒரு பாடம் குடுத்தாங்க: யாரும் அவன் வார்த்தையை முடிச்சு வெக்கக்கூடாது. கொஞ்ச நாள் அட்டெண்டன்ஸை ரெண்டு ரெண்டு பேரா சேந்து சொல்ல வெச்சாங்க. இன்னொருத்தரோட சேந்து சொன்னா திக்கல் கொறையுமாம். நெசமாவே வந்துச்சுங்க.

எங்க ஊரு நெட் தெரியுமில்ல, நடுவுல அந்தம்மா முகம் அப்படியே நின்னு 'ப.. ப.. ப'ன்னு சத்தம் மட்டும் வரும். ஒரு நாள் பேரன் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கான். "மிஸ்ஸுக்கும் திக்குது அப்புச்சி!" அந்தம்மாவும் சிரிச்சுட்டு, "ஆமா, இன்னிக்கு எனக்கு 'ப'ல மாட்டிக்கிச்சு"ன்னாங்களாம். அன்னையில இருந்து புதன்கிழமை வயித்து வலி வர்றதில்ல.

ஆனா கம்ப்யூட்டர் வெச்சாப் போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கழுத்து இறுகறது, மூச்சு அடைக்கறது எல்லாம் ஸ்கிரீன்ல சரியாத் தெரியாது. டீச்சர் பக்கத்துல உக்காந்து பாத்துச் சொல்றதாலதான் இது ஓடுது.

பெரிய புள்ளைகளுக்குப் பரீட்சை பயம், மனசு சங்கடம்னா 14416ன்னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ். 2022 அக்டோபர்ல வந்தது. ராத்திரி பகல் எப்பவும் காசில்லாம தமிழ்லயே பேசலாம். ஆனா எங்க பக்கம் நெறைய வீட்டுல ஒரே போன், அது அப்பன் பாக்கெட்டுல இருக்கும். அந்தப் புள்ள எங்க போய்ப் பேசும்? மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல ஒரு ரூம், ஒரு போன், கதவைச் சாத்திக்க அரை மணி நேரம் குடுத்தாத்தான் அந்த நம்பருக்கே அர்த்தம்.

ஆறு மாசம் ஆச்சு. திக்கல் போயிடலை. போயே போயிடும்னு அந்தம்மாவும் சொல்லலை. பெல்லுக்கு முன்னாடியே கிளம்பிடறான். போன வாரம் பால் ஊத்தப் போன எடத்துல அளவு கொறைச்சு எழுதிட்டாங்கன்னு, "ப.. பத்தரை லிட்டருங்க, ஒம்பது இல்ல"ன்னு நின்னு சொல்லி மாத்திட்டு வந்தான். பின்னாடி வரிசையில ஆள் காத்துக்கிட்டு இருந்தாங்களாம். இருக்கட்டும்.