புதுச்சேரிக் கடற்கரையில் மணல் போன வழி

காலை 6 மணி. கடற்கரைச் சாலையின் தெற்கு முனையில், தூப்ளே சிலை இருக்கும் பூங்காவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். சாலைக்குக் குறுக்கே இரும்புத் தடுப்பு. ஓரத்தில் நாற்காலி போட்டு ஒரு காவலர். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை இந்தச் சாலையில் வண்டி ஓடக்கூடாது. கேரியரில் பூக்கூடை கட்டிய பைக்கில் ஒருவர் வந்து, "கொடுத்துட்டு உடனே வந்துடறேன் சார்" என்று கேட்டுப் பார்த்தார். காவலர் அசையவில்லை. பைக்கை ஓரங்கட்டிவிட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் நடந்தார். நம் ஊர்களில் விதி இப்படிச் சொன்னபடி நடப்பதைப் பார்க்கும்போது நிறைவாக இருக்கிறது. சாலை முழுக்க நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறவர்கள். ஹாரன் சத்தமே இல்லை. அலைச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது.

கடற்கரையைக் காக்க எழுதிவைத்திருக்கும் விதிகள் கரையில் இறங்கிப் பார்த்தால் எப்படித் தெரிகின்றன என்று பார்க்கத்தான் வந்தேன். விதிகளுக்குக் குறைவில்லை. கடலோரத்தில் 500 மீட்டர் வரை கட்டடம் எழுப்ப விடாதீர்கள் என்று இந்திரா காந்தி 1981-ல் கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 2011-ல் அதை மாற்றி எழுதினார்கள், 2019-ல் மறுபடியும் மாற்றினார்கள். மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான்: உயர் அலை ஏறும் இடத்தைக் கோடாக வைத்து, அங்கிருந்து நிலத்தின் பக்கம் அளக்க வேண்டும். ஏற்கெனவே வளர்ந்த நகரமென்றால், இருக்கிற சாலைக்கு நிலத்துப் பக்கம் மட்டும்தான் புதுக் கட்டடம்.

அது இங்கே பளிச்சென்று தெரிகிறது. சாலைக்கு மேற்கே வரிசையாகப் பெரிய கட்டடங்கள். கிழக்கே, கடலோரமாக, பெரிய கட்டடம் என்று என் கண்ணில் பட்டது பழைய லெ கஃபே ஒன்றுதான். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல் தூண்களுக்கு நடுவே காந்தி நிற்கிறார். எதிரே 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம்.

ஆனால் காந்தி சிலைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தால் கடற்கரை இல்லை. கருங்கல்தான் இருக்கிறது. ஆளுயரப் பாறைகளை மேலே மேலே கொட்டி வைத்திருக்கிறார்கள். இடுக்குகளில் நண்டு ஓடுகிறது. தேநீர்க் கோப்பைகளும் சுண்டல் பொட்டலங்களும் தண்ணீர் பாட்டிலும் சொருகிக் கிடக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு நாடு முழுக்க 2022 ஜூலையிலிருந்து தடை. நான் நின்ற ஓரிடத்தில் கைக்கு எட்டிய தூரத்திலேயே நாலைந்து பிளாஸ்டிக் ஸ்பூன்கள். துப்புரவுப் பணியாளர்கள் சாலையைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டார்கள். இந்த இடுக்குக்குள் யார் கைவிட முடியும்? 'குளிக்கக் கூடாது' என்ற பலகைக்குக் கீழேயே இரண்டு பையன்கள் கால் நனைக்க வழுக்குப் பாறையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காவலர் விசில் அடித்ததும் ஏறிவிட்டார்கள்.

சைக்கிளில் பாய்லர் வைத்திருந்தவரிடம் 15 ரூபாய்க்கு ஒரு தேநீர் வாங்கிக் குடித்தேன். இங்கே முன்பு மணல் இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சு சார். தானே புயல்ல எல்லாம் போயிடுச்சு" என்றார். தானே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் கடைசியில். ஊரையே உலுக்கிய புயல்தான். ஆனால் இந்தப் பாறைகளைப் பார்த்தால் அதைவிடப் பழையவையாகத் தெரிந்தன. அலை தொட்டுத் தொட்டு முனை மழுங்கி, பாசி கறுத்திருந்தது. அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வடக்கே நடந்தேன்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே வந்ததும் காட்சி மாறிவிட்டது. பாறைக்கு அந்தப் பக்கம் மணல்! இறங்கி, கல்லிலிருந்து நீர்விளிம்பு வரை தப்படி போட்டு அளந்தேன். அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. சின்னப் பிள்ளைகள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாங்காய்க் கீற்று 20 ரூபாய், சுண்டல் 30. கடலே மனமிரங்கி விட்டுக்கொடுத்தது என்றார் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர். உண்மையில் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கியதால் வந்த மணல் இது. 2018-ல் இறக்கினார்கள். எஃகில் செய்த பெரிய கூடு. கரையை நோக்கி வரும் அலையின் வேகத்தை அது உடைக்கிறது, அலை சுமந்துவரும் மணல் இங்கே படிகிறது. தெற்கே இன்னொரு திட்டு, தூர்வாரும் மணலைக் கொண்டுவந்து கொட்டுவது எல்லாம் சேர்ந்ததுதான் முழுத் திட்டம். தெற்குப் பகுதியில் நான் பார்த்தது பாறை மட்டுமே.

செயலகத்தைத் தாண்டினால் குருசுக்குப்பம், அடுத்து வைத்திக்குப்பம். கரையோரமாகவே நடந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. கல்வரிசை வீட்டுச் சுவர்வரை வந்துவிடுகிறது. தெருவுக்குள் புகுந்து, சந்து கிடைக்கும் இடத்தில் கடலை எட்டிப் பார்த்து, மறுபடி தெருவுக்கு வரவேண்டியிருந்தது. தெருவிலேயே வலை காய்கிறது. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு ஃபைபர் படகு, குறுக்கே துணிக்கொடி. ஒரு திண்ணையில் சங்கரா மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்த அக்கா, கூறு 200 என்றார். "வலை காயவைக்க, படகு ஏத்த இடம் இருந்தா தெருவுல ஏன் போடுறோம்?" என்று நான் கேட்காமலே சொன்னார்.

வலை பின்னும் இடம், மீன் காயவைக்கும் களம், ஏலக்கூடம் ஆகியவற்றைக் கட்டடத் தடை உள்ள பகுதியிலும் மீனவர்களுக்காக அமைத்துக்கொள்ளலாம் என்று அறிவிக்கையே இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த அனுமதியை விரித்துப்போட மணல் வேண்டுமே. கடல் உள்ளே வர வர உயர் அலைக் கோடும் உள்ளே வருகிறது. கடலுக்கு எட்டத்தில் வீடு கட்டியவர் இடம்பெயராமலே கடல் விளிம்புக்கு வந்துவிடுகிறார். அவர் எந்த விதியையும் மீறவில்லை.

வைத்திக்குப்பத்தில் கல்மேல் உட்கார்ந்து தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் தானே புயலைப் பற்றிக் கேட்டேன். "புயல் எடுத்துட்டுப் போற மணலைக் கடலே திருப்பிக் கொண்டாந்து போட்ரும் தம்பி. எத்தனை புயலைப் பாத்திருக்கோம். இது தெற்க மறிச்சுட்டாங்க" என்று கையைத் தெற்கே நீட்டினார். அவர் கை காட்டிய திசையில் துறைமுகம்.

அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1986-லிருந்து 1989-க்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் தென்மேற்குக் காற்றுக் காலம் முழுக்க மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடைக்காற்று வீசும் சில மாதங்கள் மட்டும் திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே சுவர் எழும்பியதும் அந்த ஓட்டம் நின்றது. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே விடுவதற்கும் துறைமுகத் திட்டத்தில் ஏற்பாடு இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. முதல் கடலோர அறிவிக்கை வந்த 1991-க்குள் சுவர் எழும்பிவிட்டது, மணலும் போகத் தொடங்கிவிட்டது. 'பாண்டிகேன்' என்ற குடிமக்கள் அமைப்பு வருடக்கணக்காக இதைத்தான் சொல்லிவருகிறது. ஆனாலும் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

சோலை நகரைத் தாண்டினால் சிறிது தூரத்தில் புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அங்கிருந்து தந்திராயன்குப்பம் போக ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய். வெளியூர்க்காரர்கள் செரினிட்டி பீச் என்று அலைச்சறுக்குப் பலகையோடு வருவது இங்கேதான். கடலுக்குள் நீட்டிக் கல்லடுக்கிய தூண்டில் வளைவுகள் இருக்கின்றன.

தூண்டில் வளைவு ஒன்றில் ஏறி, கடலைப் பார்த்தபடி நடுவில் நின்றேன். வலது கைப்பக்கம் தெற்கு. அங்கே இறங்கினால் கல்லிலிருந்து மணலுக்கு இரண்டடிகூட இல்லை, குதித்தேன். பொடிமணல், நிறைய கிளிஞ்சல், அடுப்புச் சாம்பல் நிறத்தில் ஈரம். இரண்டு படகுகள் ஏற்றி வைத்திருந்தார்கள். திரும்ப ஏறி இடது கைப்பக்கம் இறங்கப் போனேன். இறங்க முடியவில்லை. ஆள் உயரத்துக்கும் கீழே தண்ணீர், கல்லில் மோதி நுரைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் கரையில் ஒரு தென்னை, வேர்க்கொத்து பாதி வெளியே தெரிய, கடலை நோக்கிச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் பாதிச் சுவரோடு ஒரு வீடு. உள்சுவரில் நீலச் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது, ஆணியில் மாட்டிய காலண்டர் அட்டைகூட இருக்கிறது. ஒரே கல்வரிசைதான். அகலம் பத்துத் தப்படி இருக்கும். இந்தப் பக்கம் கடற்கரை, அந்தப் பக்கம் இடிந்த வீடு. ஆய்வறிக்கை எதையும் படிக்காதவர்கூட இந்த இடத்தில் நின்றால் புரிந்துகொள்வார்.

இதற்கும் வடக்கே சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். ஒவ்வோர் ஊரும் தன் கரையைக் காக்கக் கல் கேட்கிறது. கேட்பதில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு இடிகிறவர் வேறென்ன கேட்பார்? ஆனால் ஓர் ஊரில் போட்ட கல் அடுத்த ஊரின் மணலைத் தடுக்கிறது. புதுச்சேரிக்கு ஒரு கடலோர மேலாண்மை ஆணையம், தமிழ்நாட்டுக்கு வேறொன்று. மணலுக்கு அந்த எல்லை கிடையாது. இந்தக் கரை முழுவதையும் ஒன்றாக வைத்து ஒரே கணக்கில் மணலை அளந்து, எங்கே எடுப்பது எங்கே விடுவது என்று இரண்டு அரசும் உட்கார்ந்து முடிவு செய்யாவிட்டால், கல் கொட்டும் செலவு வடக்கே வடக்கே நகர்ந்துகொண்டே போகும்.

மதியம் பேருந்து நிலையம் திரும்பி, வெயிலோடு தெற்கே கிளம்பினேன். அரியாங்குப்பம் வழியாகச் சின்ன வீராம்பட்டினம். இங்குள்ள ஈடன் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு 33 அளவுகோல்களை வைத்துத் தரும் சான்று. மூங்கில் குடைகள், உடை மாற்றும் அறைகள், தனித்தனிக் குப்பைத் தொட்டிகள், கண்காணிப்புக் கோபுரத்தில் உயிர்காப்பாளர், கடல் நீரின் தரம் எழுதிய பலகை. மணலில் ஒரு காகிதம்கூட இல்லை. காலையில் பார்த்த பாறை இடுக்கு நினைவுக்கு வந்தது. அதே ஊர், அதே மக்கள். மணலாக இருந்தால் கூட்டிப் பெருக்கிவிடலாம்.

அங்கிருந்து வடக்கே, வீராம்பட்டினம் வழியாக முகத்துவாரத்தை நோக்கி நடந்தேன். ஆடி மாதத் தேரோட்டத்துக்குப் பேர்போன செங்கழுநீர் அம்மன் கோயில் இந்த ஊரில்தான். மீன் காயும் வாசனை. செருப்பைக் கழற்ற முடியாத சூடு. வீடுகளை விட்டு வெளியே வந்தால் மணல், மணல், மணல். நீர்விளிம்பு வரை தப்படி போட்டேன். இருநூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். படகுகள் வரிசையாக நிற்கின்றன. வலையை முழு நீளத்துக்கு விரித்து நாலு பேர் உட்கார்ந்து ஓட்டை அடைக்கிறார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தானே புயல் இந்தக் கரையையும்தான் அடித்தது. அப்படியும் இங்கே இத்தனை மணல். குருசுக்குப்பத்தின் வலைகளும் படகுகளும் விரிக்க இடமில்லாமல் தெருவில் கிடப்பது இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தூரத்தில்.

தெற்கு அலைத்தடுப்புச் சுவரின் கல்மேல் ஏறினேன். இங்கும் அதே கதைதான். தெற்குப் பக்கம் மணல் கல்லின் தலைவரை ஏறி நிற்கிறது. ஆற்று வாய்க்குள் எட்டிப் பார்த்தால், மணல் சுவரைச் சுற்றிக்கொண்டு வாய்க்குள்ளும் போயிருக்கிறது. தண்ணீருக்கு நடுவே பழுப்பாக ஒரு திட்டு. அலை அதன்மேல் உடைகிறது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பிய விசைப்படகு ஒன்று இயந்திரத்தைக் குறைத்து, ஒதுங்கி ஒதுங்கி, திட்டைச் சுற்றி நுழைந்தது.

கல்லில் நின்று வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வீராம்பட்டினத்துக்காரர். படகு ஓட்டுபவர். நீர் வற்றும் நேரத்தில் வந்தால் அடி தட்டும் என்றார். போன மாதம் விசிறி உடைந்து, சரிசெய்ய 18,000 ரூபாய் ஆனதாம். தூர்வாரச் சொல்லிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம் என்றார். வாருகிற மணலை என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். வலையை உதறிவிட்டு யோசிக்காமல் சொன்னார்: "வைத்திக்குப்பத்துல போடச் சொல்லுங்கண்ணே. எங்க அக்காவ அங்கதான் கட்டிக் குடுத்துருக்கு. அது மாமியாருக்கெல்லாம் வாசல்லயே படகு ஏறுமாம். இப்ப எங்க மாமா படகு இங்கதான் நிக்குது. தெனமும் ரெண்டு பஸ் மாறி வர்றாரு."