மடப்பள்ளிச் சாம்பல்

என் தாயார் இறைவனடி சேர்ந்த பின் அவருடைய பொருள்களை எடுத்து வைத்தபோது, சமையலறை அலமாரியின் அடித்தட்டில் துருப்பிடித்த பால்மாவு டப்பா ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே சாம்பல். விரலை விட்டுத் துழாவினால் சாம்பலுக்குள் கறுத்த அவரை விதைகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெள்ளைக் கோடு.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப் பந்தலில் படர்ந்த கொடியின் விதைகள் அவை. அகன்ற காய், ஓரத்தில் ஊதா வரி, வேக வைக்கும்போதே வீடெல்லாம் ஒரு மணம். அதற்கென்று அம்மா தனிப்பெயர் சொன்னதில்லை. 'நம்ம அவரை' என்பார், அவ்வளவுதான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன் நான். ஒரு பொருளைப் பாதுகாப்பது எப்படி என்று எனக்குத் தெரியும் என்ற எண்ணம் உண்டு. சாம்பலை ஊதித் தள்ளி, விதைகளை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, கண்ணாடிப் புட்டியில் இட்டு, ஆண்டையும் எழுதி ஒட்டி, வைப்பு நிதிப் பத்திரங்கள் இருந்த பீரோவிலேயே வைத்துப் பூட்டினேன். ஓய்வு பெற்றதும் விதைக்கலாம் என்பது திட்டம்.

ஆறு ஆண்டுகள் கழித்துப் புட்டியைத் திறந்தேன். விதைக்கு விதை வட்டமாக ஒரு துளை. அடியில் மாவு, மாவில் செத்துக் கிடந்த வண்டுகள். முழுசாகத் தோன்றிய ஐந்தாறு விதைகளைப் பொறுக்கி ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

காரணம் பிற்பாடுதான் விளங்கியது. பயறு வண்டு, காய் கொடியில் இருக்கும்போதே முட்டையிட்டுவிடும். புழு விதைக்குள்ளேயே வளர்ந்து, வண்டாகித் துளைத்து வெளியே வந்து, மறுபடியும் பக்கத்து விதைகளின் மேல் முட்டையிடும். விதைகளுக்கு நடுவே உள்ள சந்துகளைச் சாம்பல் அடைத்துவிட்டால் அதற்கு நடமாட இடமில்லை. அழுக்கென்று நான் துடைத்தெறிந்தது அம்மா போட்டு வைத்திருந்த காவலை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தாயாரின் நகைகளைத் தங்கைமார்கள் பகிர்ந்துகொண்டார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டது இந்த டப்பா ஒன்றைத்தான்.

அந்த நாட்களில்தான் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவுக்குப் போனேன். நம்மாழ்வார் ஐயாவின் வழியில் நெல் ஜெயராமன் 2006-இல் தொடங்கிய விழா அது. ஒரு விவசாயி இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை பெற்றுக்கொண்டால், மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நூறு விழுக்காடு வட்டி! எந்தப் பத்திரமும் இல்லை, பிணையும் இல்லை. கிராமக் கிளையில் இருந்த காலத்தில், பயிர்க்கடன் கேட்டு வந்தவர்களிடம், "இன்னுமா இந்தப் பழைய நெல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்டவன் நான். விழாவில் அந்த வரிசையின் ஓரத்தில் நிற்கச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

எனக்கோ வயல் கிடையாது. ஒரு பிடி மாப்பிள்ளைச் சம்பா மட்டும் வாங்கி வந்து மொட்டை மாடியில் மூன்று தொட்டிகளில் வளர்த்தேன். தோளுயரம் வளர்ந்து, கதிர் முற்றியதும் சாய்ந்துவிட்டது. கம்பு நட்டுக் கட்டினேன். குருவிகள் தின்றது போக மிஞ்சியது ஓர் ஆழாக்குக்கும் குறைவு. ஒரு கதிர்க்கொத்தை மட்டும் சுவாமி படத்துக்கு முன் தொங்கவிட்டோம்.

நெல்லைப் பார்த்த ஊர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க அம்மா ஒவ்வொரு மாசியிலும் கோயிலுக்கு வரும்போது குருக்கள் வீட்டு மாமிக்கு அவரை விதை கொடுப்பாங்களே?"

அந்த மாமி இப்போது இல்லை. மகள் மன்னார்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார் என்று அறிந்து மறுநாளே பேருந்து ஏறினேன். வாசலில் நின்று நான் யார் என்று சொல்வதற்குள் கொல்லைப்பக்கம் கண் போயிற்று. வேலி முழுக்க ஊதாப் பூ.

"உள்ளே வாங்கோ அண்ணா" என்றார் அந்த அம்மையார். பின்பு என் தாயாரின் பெயரைச் சொல்லி, அந்தப் பெயரோடு 'அவரை' என்பதையும் சேர்த்து, "இதுக்கு எங்காத்துல அதுதான் பேரு" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை. திருநீற்றுப் பொட்டலம் போல ஒரு காகிதத்தில் பதினோரு விதைகள் மடித்துக் கொடுத்தார்.

அவசரக்காரனாகிய நான் ஆடி வரை பொறுக்காமல் மாசியிலேயே ஊன்றிவிட்டேன். ஒன்பது முளைத்தன. சித்திரை, வைகாசி, ஆனி என்று இலையும் கொடியுமாக மாடியையே மூடிற்றே தவிர ஒரு பூ இல்லை. பழைய அவரை வகைகள் பகற்பொழுது குறுகத் தொடங்கிய பின்தான் பூக்கும். அம்மா ஆடிப்பெருக்கன்று விதைத்ததன் பொருள் எனக்கு ஐப்பசியில் புரிந்தது. மார்கழியில் பூங்கொத்தெல்லாம் அசுவினி அப்பியது. விடியற்காலைப் பனி ஈரத்தில் அம்மா சாம்பல் தூவுவது நினைவுக்கு வந்தது. ஆனால் எரிவாயு அடுப்பு உள்ள வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? கோயில் மடப்பள்ளியில் இன்னும் விறகடுப்புதான். மடைப்பள்ளிப் பரிசாரகர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். காரணம் கேட்டதும் ஒரு பை நிறையவே அள்ளிக் கொடுத்தார்.

தாயாரின் திதி தை மாதத்தில் வரும். முட்டைக்கோசும் கேரட்டும் அன்று எங்கள் வீட்டுச் சமையலில் சேராது. வாழைக்காய், பாகல், அவரை, சேம்பு இவைதான். அந்த ஆண்டு அவரைக்காய் மட்டும் சந்தையில் வாங்கவில்லை. இலையில் அது விழுந்தபோது எழுந்த மணத்தில் என் மூத்த தங்கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அடிக்கொடியில் சில காய்களைப் பறிக்காமல் முற்ற விட்டிருந்தேன். மாசியில் அவற்றை உரித்து, மூன்று வெயில் காட்டி, மீதமிருந்த மடப்பள்ளிச் சாம்பலில் புரட்டி அந்தப் பழைய டப்பாவிலேயே போட்டேன். அதற்கு முன், இருபத்திரண்டு விதைகளைத் தனியே எண்ணிப் பொட்டலம் கட்டி, மன்னார்குடிக்குப் பேருந்து ஏறினேன்.