பனை வைத்தவர்

ஆடி முடித்தவனை ஊர் எத்தனை நாள் நினைத்திருக்கும்? எங்கள் காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் கபடியில் பேர் வாங்கியவனையும், முழங்கால் விட்டுப்போனால் இரண்டு பொங்கலுக்குள் மறந்துவிடுகிறார்கள். விஜய் அமிர்தராஜை டென்னிஸ் உலகம் இன்றும் மதிக்கிறதே, அது ஏன் என்று இளையவர்கள் யோசிக்க வேண்டும்.

1953-இல் சென்னையில் பிறந்தவர். சின்ன வயதில் நுரையீரல் கோளாறு. வீடும் ஆஸ்பத்திரியுமாக வளர்ந்த பிள்ளை. அம்மா மேகி மனம் தளரவில்லை. அந்த நோஞ்சான் பிள்ளைதான் 1973 அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரையும், மறு ஆண்டு அங்கேயே பியோன் போர்க்கையும் வென்றார்.

ஆனால் பெரிய கோப்பை கைக்கு வரவில்லை. 1973 விம்பிள்டன் காலிறுதியில் யான் கோடஸிடம் ஐந்து செட் போராடித் தோற்றார். அந்த வருடப் பட்டமே கோடஸுக்குத்தான் போனது. 1981 காலிறுதியில் ஜிம்மி கானர்ஸிடம் முதல் இரண்டு செட்டை எடுத்தும் ஆட்டத்தை விட்டார். 1987-இல் அவர் தலைமையில் டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போன இந்தியா, ஸ்வீடனிடம் தோற்றது. ஒற்றையரில் ஒரு கிராண்ட்ஸ்லாம் பட்டமும் இல்லாமலே அவருடைய ஆட்டக்காலம் முடிந்தது.

ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடித்ததும் தொலைக்காட்சி வர்ணனையும் அவர் முகத்தை உலகமெங்கும் கொண்டுபோயின. ஆனாலும் நான் பெரிதாக எண்ணுவது வேறொன்றை. 1985-இல், தான் இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோதே, அவரும் குடும்பத்தாரும் பிரிட்டானியா நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் இளம்பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார்கள். கல்கத்தாவிலிருந்து அங்கே வந்து சேர்ந்த சிறுவன் லியாண்டர் பயஸ். 1990-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம், பிறகு இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலுமாக 18 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள். தனக்கு எட்டாத உயரத்துக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏறுவதை விஜய் கண்ணாரப் பார்த்தார்.

2024 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட்டில், சர்வதேச டென்னிஸ் புகழ் மன்றத்தில் இருவரும் ஒரே நாளில் சேர்க்கப்பட்டார்கள். அந்த இடத்துக்குப் போன முதல் ஆசிய ஆண்கள் இவர்களே. பயஸைச் சேர்த்தது ஆட்டக்காரராக. விஜய்யைச் சேர்த்தது, டென்னிஸுக்குச் செய்த பணிக்காக.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். இந்த வறண்ட சீமையில் நம் முன்னோர் பலனைத் தாம் அனுபவிப்போமா என்று பார்த்தா கண்மாய்க் கரையில் பனங்கொட்டையை ஊன்றினார்கள்?

கைத்தொழிலோ, வாத்தியார் வேலையோ, விளையாட்டோ, உங்களுக்குத் தெரிந்ததை ஒரு பிள்ளைக்காவது கற்றுக்கொடுங்கள். ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே தொடங்குங்கள். அந்தப் பிள்ளை உங்களை மிஞ்சினால் மனம் குளிர வாழ்த்துங்கள். உழைத்த வாழ்க்கைக்கு அதைவிடப் பெரிய கூலி கிடையாது.