ரம்பத்துக்குத் தனி லைன்

விக்கிரமசிங்கபுரத்தில் வீட்டுப் பின்கட்டைத் தச்சுப் பட்டறையாக்கும் தம்பிமார் முதலில் மெஷின் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் வயரிங்கைக் கேட்பேன்.

ரம்பத்தின் 2 எச்.பி. மோட்டார் 230 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு. ஆகவே ரம்பத்துக்குத் தனி லைன், 4 ஸ்கொயர் காப்பர் வயர், ‘சி’ வகை 20 ஆம்பியர் எம்.சி.பி. தூசி உறிஞ்சும் மெஷின் கூடவே ஓடுமே, அதற்கு வேறொன்று. லைட் இவற்றோடு சேரவே கூடாது: எம்.சி.பி. விழுந்தாலும் பிளேடு உடனே நிற்காது, இருட்டில் கை எங்கே போகும்? மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் நல்ல எர்த்தும் கட்டாயம்.

பக்கத்துப் பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனாலும் கரண்ட் போகும், வரும். வெறும் சுவிட்ச் என்றால் வந்ததும் ரம்பம் தானாகச் சுற்றும். ஸ்டார்ட்டர் வையுங்கள், மறுபடி பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும்.